சவப்பெட்டி மேல் ஒரு கோழிக்குஞ்சு

அத்தியாயம் 7

அட்டர்னி கலாஸா செத்துப்போன அன்று சான்டா இனேஸ் சந்தையில் மீன் இலவசம்.

மீன் வரிசையின் முதல் கடைக்காரி, ஊருக்கே அக்காவான மானாங் பாசிங், தட்டில் இருந்த பாங்கூஸ் மீன்களை வந்தவர் போனவர் கூடையிலெல்லாம் அள்ளிப் போட்டாள். சாயங்காலத்துக்குள் கறிக்கடைக்காரர்கள் ஒரு பன்றியை முழுசாகச் சுட்டு முடித்தார்கள். காலையிலிருந்தே அலறிக்கொண்டிருந்த விடியோக்கே பெட்டிக்குத் தொண்டை கட்டியதே தவிர, மைக்கைப் பிடுங்கிப் பிடுங்கிப் பாடியவர்களுக்குக் கட்டவில்லை.

செத்தவர் மனித உரிமை வக்கீல். 'கொள்ளி வைத்தவர்களின் வக்கீல்' என்பது ஊர் அவருக்குக் கொடுத்த பட்டம். போன வருஷம் சந்தையில் பாதி எரிந்துபோனது. போலீஸ் இரண்டு சுமைதூக்கிகளைப் பிடித்து, அடித்து நொறுக்கி, 'நாங்கள்தான் வைத்தோம்' என்று எழுதி வாங்கியது. கலாஸா அந்த வாக்குமூலத்தைக் கோர்ட்டில் கந்தலாக்கி இரண்டு பேரையும் வெளியே கொண்டுவந்தார். அன்றிலிருந்து சந்தையில் அவரோடு யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவரிடம் இலவசமாக வழக்கு நடத்திக்கொண்டவர்கள்கூட அந்தப் பன்றிக் கறியில் இரண்டு துண்டு கூடுதலாகவே வாங்கினார்கள். நாலு பேர் பார்க்க வேண்டுமே.

சந்தைக் கட்டடத்தின் மாடியில்தான் அவருடைய ஆபீஸ். உள்படிக்கட்டின் அடியில் தலை உடைந்து கிடந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்த குமாஸ்தா கண்டுபிடித்தான். 'வழுக்கி விழுந்து மரணம்' என்று ஒரே வரி எழுதிப் போலீஸ் பேனாவை மூடிவிட்டது. இன்று மாலை அடக்கம்.

அடக்கத்துக்கு முன்னால் ஒஃபெலியா ஒரே ஒரு ஆளைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

ஒஃபெலியா இருபது வருஷம் கோர்ட்டில் சுருக்கெழுத்தாளராக இருந்து, பொய்சாட்சிகளைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்து, வேலையை விட்டுவிட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்தவள். காணாமல் போன எருமை, காணாமல் போன கணவன், இரண்டுக்கும் ஒரே கட்டணம். அவளுடைய உதவியாளன் எம்போய். நாற்பது வயது, முன்னால் தள்ளிய தொப்பை, சொந்தமாக ஒரு டிரைசிக்கிள், வாயை மட்டும் வாடகைக்கு விட்டிருந்தால் கோடீஸ்வரன் ஆகியிருப்பான்.

இருவரும் போய் இறங்கியபோது சாவு வீட்டில் காபி ஆறிக்கிடந்தது. பிஸ்கட் டப்பாக்கள் திறந்தபடி இருந்தன, எடுக்கத்தான் ஆள் இல்லை. வேறு வீடாக இருந்தால் இந்நேரம் வாசலில் சீட்டுக்கட்டும் மாஜோங் ஆட்டமுமாக அமர்க்களப்பட்டிருக்கும். இங்கே வந்த சிலரும் பெட்டியின் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து, ஆள் நிஜமாகவே போய்விட்டாரா என்று உறுதி செய்துகொண்டு கிளம்பினார்கள். ஒரு அம்மாள் போகிற போக்கில் போட்டோ வேறு எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டாள். அதற்குக் கீழே வந்த சிரிப்புப் பொம்மைகளை எம்போய் தன் போனில் பார்த்துவிட்டு, ஒஃபெலியாவுக்குத் தெரியாமல் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

பெட்டியின் மேல் ஒரு கோழிக்குஞ்சு நடந்துகொண்டிருந்தது.

கொலையானவரின் பெட்டி மேல்தான் குஞ்சு விடுவார்கள். அது கண்ணாடியைக் கொத்தும் ஒவ்வொரு கொத்தும் கொன்றவனின் மனசில் விழும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. படுக்கையில் செத்தவர், வழுக்கி விழுந்து செத்தவர் பெட்டியில் விட மாட்டார்கள். இந்தக் குஞ்சை வீட்டில் யாரும் விடவில்லை. முந்தாநாள் விடியற்காலையில், இரவெல்லாம் விழித்திருந்த விதவை லூமென் பத்து நிமிஷம் கண் அசந்திருக்கிறாள். எழுந்து பார்த்தால் குஞ்சு இருந்தது.

செத்தவரின் தம்பி தெல்ஃபின், வட்டாரத் தலைவர், அதைத் தூக்கி எறியப் பார்த்தாராம். ஊர் ஏற்கெனவே கொதித்துக் கிடக்கிறது, கொலை என்று கிளப்பினால் வீட்டைக் கொளுத்திவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். லூமென் விடவில்லை.

"யாரோ ஒருத்தருக்குத் தெரியும் ஒஃபெலியா. கொலைன்னு தெரியாதவங்க குஞ்சு விட மாட்டாங்க. மூணு நாளா வர்றவங்க மூஞ்சியையெல்லாம் பார்த்துப் பார்த்து என் கண்ணே போச்சு. அந்த ஒரு ஆளை எனக்குக் கூட்டிட்டு வா. அடக்கத்தை நான் நிறுத்தறேன்."

போலீஸ் கேஸை மூடியாகிவிட்டது. ஒரு சாட்சி வாயைத் திறந்தால்தான் உடம்பை அறுத்துப் பார்க்கச் சொல்லி மனுப் போட முடியும். மண்ணுக்குள் போன பிறகு தோண்டி எடுக்க இந்த ஊரில் எந்த நீதிபதி கையெழுத்துப் போடுவார்? ஒஃபெலியாவுக்கு அது தெரியும், லூமெனுக்கும் தெரியும்.

எம்போய் பெட்டி அருகே குனிந்து குஞ்சை உற்றுப் பார்த்தான். "மேடம், சாட்சி இங்கயே இருக்கு. வக்கீல் இல்லாம பேச மாட்டேன்னு அடம் பிடிக்குது. வக்கீலோ உள்ள படுத்திருக்காரு."

"வாயை மூடிட்டு அதைப் பிடி" என்றாள் ஒஃபெலியா.

குஞ்சை உள்ளங்கையில் வாங்கி இறக்கையை ஊதிப் பிரித்தாள். வெளியே வெள்ளையாக இருந்த குஞ்சுக்கு இறக்கை அடியில் வெளிறிய ரோஸ் நிறம் ஒளிந்திருந்தது. மாதா கோயில் வாசலில் பிள்ளைகளுக்கு விற்கிற சாயக் குஞ்சு. யாரோ கழுவியிருக்கிறார்கள்.

"சாயத்தைக் கழுவற அளவுக்குப் பொறுமை இருந்தா கோழிக்கடையில வெள்ளையாவே வாங்கியிருக்கலாமே" என்றான் எம்போய்.

"இந்த வாரம் ஒத்தைக் கோழிக்குஞ்சு வாங்கினா எதுக்குன்னு சந்தைக்கே தெரிஞ்சுடும். ரோஸ் குஞ்சு வாங்கினா பிள்ளைக்கு விளையாடன்னு விட்டுடுவாங்க." அவள் குஞ்சை மூக்கருகே கொண்டுபோனாள். "மோந்து பாரு."

எம்போய் மோந்தான். "கலமன்ஸி எலுமிச்சை. பொரிக்கறதுக்கு ஊற வெச்சுட்டாங்களா?"

"கை நாத்தம் போக தினமும் கலமன்ஸி தேய்ச்சுக் கழுவறது யாரு?"

எம்போய் முதல் தடவையாகச் சிரிக்காமல் அவளைப் பார்த்தான். "மீன்காரி."

கோயில் வாசலில் சாயக் குஞ்சு விற்கிறவன் அதிகம் அலைக்கழிக்கவில்லை. தலையோடு துண்டு போட்டு முகத்தை மூடிய ஒரு பொம்பிளை வந்தாள் என்றான். நீலம் வேண்டாம், பச்சை வேண்டாம், சாயம் சரியாக ஒட்டாத ரோஸ் குஞ்சாகப் பொறுக்கி எடுத்தாளாம். பேரம் பேசவில்லை. முழங்கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது. முகம் தெரியாது. மீன் வரிசையில் ஒரு டஜன் பெண்கள் இருக்கிறார்கள், எல்லோர் முழங்கையிலும் செதில்தான்.

வண்டியில் ஏறி உட்கார்ந்த ஒஃபெலியா கணக்குப் போட்டுப் பார்த்தாள். சாவு வீட்டுக்குப் போனவர்கள் நேராக வீட்டுக்குப் போக மாட்டார்கள். தொழில் செய்யும் இடத்துக்கும் போக மாட்டார்கள். போனால் செத்தவர் கூடவே வந்துவிடுவார். எங்கேயாவது நின்று, ஒரு வாய் காபியாவது குடித்து, உதறிவிட்டுத்தான் போக வேண்டும். சான்டா இனேஸில் போலீஸை ஏமாற்றுகிறவன் உண்டு, பாதிரியாரை ஏமாற்றுகிறவன் உண்டு, இந்த ஒரு விஷயத்தில் விளையாடுகிறவன் கிடையாது. மீன்காரிகள் விடியற்காலையில் வீட்டிலிருந்து நேராகக் கடற்கரைக்குப் போவார்கள். முந்தாநாள் அவர்களில் ஒருத்தி வழியில் எங்கோ நின்றிருக்கிறாள்.

அதைச் சொன்னதும் எம்போய் வண்டியை ஓரமாக நிறுத்தினான். காது வரை சிவந்துவிட்டான்.

"மேடம், முந்தாநாள் விடியக்காலம் ஒரு பொம்பிளை என் வண்டியில ஏறி, கடற்கரைக்கு இப்போ வேண்டாம், கோயிலை ரெண்டு சுத்து சுத்து, அப்புறம் எங்கயாவது காபி குடிக்கலாம் வான்னா. காபிக்கு அவளே காசும் குடுத்தா. நான் கண்ணாடியில தலையெல்லாம் சீவிக்கிட்டேன். நாற்பது வயசுல நமக்கும் ஒரு வாழ்வு வந்துச்சுன்னு நினைச்சேன்."

"யாருடா அது?"

"சொன்னா நம்ப மாட்டீங்க. மானாங் பாசிங்."

ஒஃபெலியா நம்பவில்லை. இலவச மீன் கொடுத்தவள். தீயில் கடை முழுசாகப் போய், கலாஸா கோர்ட்டை விட்டு வெளியே வந்தபோது அவர் காலடியில் காறித் துப்பியவள். ஊர் கொண்டாட்டத்துக்கே கொடி பிடித்தவள் கோழிக்குஞ்சைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு இருட்டில் சாவு வீட்டுக்குப் போவாளா?

போயிருக்கிறாள். உதறிவிட்டுப் போனதுதான் சாட்சி.

மீன் வரிசையில் கூட்டம் ஓய்ந்திருந்தது. கலாஸாவின் ஆபீஸ் படிக்கட்டுக் கதவுக்குப் பக்கத்திலேயே பாசிங்கின் கடை. கதவுக்கும் அவள் மீன் தட்டுக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துப் போகலாம். எம்போயைப் பார்த்ததும் பாசிங், காபிக் கடனைத் திருப்பிக் கொடுக்க வந்தாயா என்று கிண்டலாகத்தான் ஆரம்பித்தாள். பின்னால் ஒஃபெலியாவைப் பார்த்ததும் மீனைச் சுரண்டிய கத்தி நின்றது. பிறகு முன்னைவிட வேகமாகச் சுரண்டியது.

குஞ்சு, கலமன்ஸி, காபி என்று ஒஃபெலியா ஒவ்வொன்றாகச் சொன்னாள். பாசிங் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. சந்தையில் கலமன்ஸி தேய்க்காத கை எது, காபி குடிப்பது எந்தச் சட்டத்தில் குற்றம் என்று மடக்கினாள். வக்கீலின் வாசலுக்குப் பக்கத்தில் இத்தனை வருஷம் கடை போட்டவள் அல்லவா?

ஒஃபெலியா குரலைத் தாழ்த்தினாள். "வியாபார நேரத்துல சந்தையில விடியோக்கே வைக்க மாட்டீங்களே மானாங். அவர் செத்தது மத்தியானம்தான் ஊருக்குத் தெரியும். காலையிலயே எதைக் கொண்டாடினீங்க?"

பாசிங் கத்தியைக் கீழே வைத்தாள். இரண்டு கையையும் ஏப்ரனில் துடைத்தாள். துடைத்த கையை மறுபடியும் துடைத்தாள்.

"யார் தள்ளி விட்டாங்க? பேரை மட்டும் சொல்லுங்க" என்றாள் ஒஃபெலியா.

"யாரும் தள்ளல. அவரேதான் விழுந்தார்."

"அப்புறம் எதுக்குக் குஞ்சு?"

"கொன்னவங்களைக் கொத்தறதுக்குத்தான்." பாசிங் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "என்னைக் கொத்தட்டும்னு."

அதற்குப் பிறகு அவளை யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. காலை வியாபாரம் சூடாக இருந்த நேரம் படிக்கட்டில் தடதடவென்று சத்தம் கேட்டதாம். மூட்டை விழுந்தது என்று முதலில் நினைத்தாளாம். பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. அவர் வேறு யாரையும் கூப்பிடவில்லை. 'பாசிங்' என்று அவள் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். எத்தனையோ வருஷம் அவளிடம்தான் மீன் வாங்கினார். அவள் பேச்சை நிறுத்திய பிறகும் வந்து நின்று, கை காட்டி வாங்கிக்கொண்டு போவாராம்.

"நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'உன் கொள்ளிக்காரங்களைக் கூப்பிடு, வந்து தூக்குவாங்க'ன்னேன். வரிசை முழுக்கச் சிரிச்சுது. எல்லாரும் சிரிச்சதும் எனக்கே பெருமையா இருந்துச்சு. எழுந்து வந்துடுவார்னுதான் நினைச்சோம். சத்தியமா அப்படித்தான். அவர் விடாம கூப்பிடவே, யாரோ போய் விடியோக்கேவைப் போட்டாங்க."

"கதவு பூட்டியிருந்ததா?"

"சும்மா சாத்தியிருந்துச்சு. தள்ளினா திறக்கும்."

யாரும் தள்ளவில்லை. முதலில் போய்க் கதவைத் திறக்கிறவள் அவருடைய ஆள் என்று ஆகிவிடும். பாசிங் அப்படித்தான் பயந்தாளாம். பக்கத்துக் கடைக்காரியும் அப்படித்தான் பயந்திருப்பாள் என்றாள். ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கொண்டே எல்லோரும் மீன் விற்றார்கள்.

"பாட்டுச் சத்தத்துல கேட்காதுன்னு போட்டாங்க. ஒரு பாட்டு முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்கறதுக்குள்ள கொஞ்சம் இடைவெளி வரும்ல? அப்ப கேட்கும். ஒவ்வொரு இடைவெளியிலயும் கேட்டுச்சு. அப்புறம் ஒரு இடைவெளியில கேட்கல."

குமாஸ்தா வந்து அலறிய பிறகு அவளால் மீனைக் காசுக்குக் கொடுக்க முடியவில்லையாம். கை வரவில்லை. எடுத்துக்கொண்டு போங்கள் என்று அள்ளி அள்ளிப் போட்டாள். பார்த்தவர்கள் விருந்து என்று நினைத்து, பன்றியைக் கொண்டுவந்தார்கள்.

எம்போய் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"எழுதிக்கங்க. எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடறேன்" என்றாள் பாசிங்.

இதற்காகத்தான் ஒஃபெலியா காலையிலிருந்து ஓடினாள். சாட்சி கிடைத்துவிட்டது. சாட்சி கையெழுத்துப் போடவும் தயார். வழக்கை யார் மேல் போடுவது? குற்றவியல் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது, கோர்ட்டில் பல தடவை அவளே எழுதியிருக்கிறாள். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் அடிபட்டுச் சாகக் கிடப்பவனைப் பார்த்தும் உதவாமல் போனால் தண்டனை. ஆள் நடமாட்டம் இல்லாத இடம் என்று சட்டமே சொல்கிறது. காட்டில் ஒருத்தன் விட்டுவிட்டுப் போனால் குற்றம். சந்தை நடுவில் அத்தனை பேரும் விட்டுவிட்டால் அந்தப் பிரிவு வராது. உடம்பை அறுத்துப் பார்த்தாலும் படியில் விழுந்த காயம்தான் இருக்கும். அதைத்தான் போலீஸும் எழுதியிருந்தது. அவள் வாழ்க்கையில் போலீஸ் சரியாக எழுதிய ஒரே அறிக்கை இதுவாகத்தான் இருக்கும்.

அதை மெதுவாகப் பாசிங்குக்குச் சொன்னாள்.

"அந்தப் பிரிவை வெச்சு வாதாட இந்த ஊர்ல ஒரே ஒரு வக்கீல்தான் மேடம் இருந்தாரு" என்றான் எம்போய். அது வேடிக்கையாகச் சொன்னதில்லை.

"அவர் சம்சாரத்துக்கு ஒரு பேராவது வேணுமில்ல, திட்டறதுக்கு?" என்றாள் பாசிங். "என் பேரைக் குடுங்க."

சாவு வீட்டு வாசலில் சவ வண்டி வந்து நின்றிருந்தது. தெல்ஃபின் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உலாத்திக்கொண்டிருந்தார். லூமென் உள்ளறையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒஃபெலியா தனியாக வந்ததைப் பார்த்ததும் அவள் பார்வை அவளைத் தாண்டி வாசலுக்குப் போனது. அந்த ஒரு ஆள் பின்னால் வருகிறாரா என்று தேடியது.

எப்படிச் சொல்வது என்று ஒஃபெலியா வழியெல்லாம் யோசித்திருந்தாள். எல்லாவற்றையும், பாசிங்கின் பேர் உட்பட, ஒளிக்காமல் சொல்லிவிடுவது என்றுதான் முடிவு செய்திருந்தாள். யாரும் தள்ளவில்லை என்று சொன்னாள். லூமென் தலையை ஆட்டி மறுத்தாள். கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டுவதை நிறுத்தினாள். குஞ்சு விட்டது யார் என்று கேட்டாள். அவருக்காக மனசு கஷ்டப்பட்ட ஒருத்தி என்றாள் ஒஃபெலியா. அதுவரைக்கும் பொய் இல்லை.

"விழுந்த உடனே உயிர் போகல மானாங் லூமென். கொஞ்ச நேரம் இருந்திருக்கார். கூப்பிட்டிருக்கார்."

"கூப்பிட்டாரா?" லூமெனின் முகத்தில் ஏதோ ஒன்று அசைந்தது. "மிரட்டல் கடுதாசியெல்லாம் வந்தப்ப, ஆபீஸை வேற இடத்துக்கு மாத்துங்கன்னு நான் அழுதேன். காவலாளி இருக்கற கட்டடமாப் பாருங்கன்னேன். அவர் சிரிச்சார். 'எனக்கு எதுக்கு காவலாளி? கீழ சந்தை இருக்கு. அவங்க என்னைத் திட்டுவாங்க, துப்புவாங்க. ஆனா நான் விழுந்துட்டேன்னு ஒரு குரல் குடுத்தா அத்தனை பேரும் மேல ஓடி வருவாங்க. நம்ம ஜனங்க அப்படித்தான்'னார்."

ஒஃபெலியா தரையைப் பார்த்தாள்.

"எத்தனை தடவை கூப்பிட்டார்?" என்று கேட்டாள் லூமென்.

வெளியே தெல்ஃபின் யாரிடமோ பெட்டியை மூடச் சொல்வது கேட்டது. லூமென் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பதிலுக்காக ஒஃபெலியாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று நாளாக வந்தவர்கள் முகத்தையெல்லாம் பார்த்த அதே கண்.

"ஒரே ஒரு தடவை" என்றாள் ஒஃபெலியா.

லூமென் நீளமாக மூச்சு விட்டாள். இத்தனை நாளில் அவள் அழுதது அப்போதுதான்.

"ஒரே தடவைதானா? அந்த இரைச்சல்ல யாருக்குக் கேட்டிருக்கும்? கேட்டிருந்தா வந்திருப்பாங்க. பாவம், அவங்களைச் சொல்லி என்ன?"

அவள் எழுந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெட்டியை மூடலாம் என்று கொழுந்தனிடம் சொல்லப் போனாள். சந்தை முழுவதும் விடுதலையாகிவிட்டது. வாங்கிக் கொடுத்தவள் ஒஃபெலியா.